எட்டு மாதம் அனுப்பப்படாத பெட்டி: வாசகர் கேள்வி பதில்

தள்ளிப்போடும் பழக்கத்தைப் பற்றி எழுதுமாறு சென்ற மாதம் வாசகர்களைக் கேட்டிருந்தோம். சேலம் மாவட்டத்திலிருந்து மட்டுமே மேசை கொள்ளாத அளவுக்குக் கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே கேள்வி பல கையெழுத்துகளில் திரும்பத் திரும்ப வந்திருந்ததால், எட்டுக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, எழுதியவர்களின் பெயர்களை விலக்கி, ஊரையும் தொழிலையும் மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: ஆத்தூர் சாலையில் எங்களுக்கு ஒரு ஜவ்வரிசி ஆலை இருக்கிறது. கிழங்கு லாரி இரவு இரண்டு மணிக்கு வந்தாலும் எழுந்து நின்று, எடை போட்டு இறக்கிய பிறகுதான் படுப்பேன். ஆனால் நான்கு மாத ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்யப்படாமல் கிடக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணையைப் புதுப்பிக்கும் விண்ணப்பம் மேசை இழுப்பறையிலேயே தூங்குகிறது. அப்பா என்னைச் சோம்பேறி என்கிறார். நான் சோம்பேறிதானா?
(ஆலை உரிமையாளரின் மகன், வயது 31)

பதில்: இரவு இரண்டு மணிக்கு லாரிக்காக எழுந்து நிற்பவரை எந்த அகராதியைக் கொண்டும் சோம்பேறி என்று சொல்ல முடியாது. உங்கள் தந்தையார் இரண்டு வெவ்வேறு குறைகளை ஒரே சொல்லில் அடக்கிவிட்டார். வள்ளுவர் அப்படிச் செய்யவில்லை. 'நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும் கெடுநீரார் காமக் கலன்' என்பது மடியின்மை அதிகாரத்தில் வரும் 605ஆம் குறள். விரைந்து முடிக்க வேண்டியதை நீட்டிக்கொண்டே போகும் இயல்புக்கு நெடுநீர் என்று பெயர். மடி என்றால் சோம்பல். இரண்டையும் தனித்தனியாக எண்ணி, மறதியையும் தூக்கத்தையும் சேர்த்துத்தான் 'நான்கும்' என்று கணக்குச் சொல்கிறார். சோம்பேறிக்கு எந்த வேலையிலும் மனம் செல்லாது. தள்ளிப்போடுபவரோ குறிப்பிட்ட ஒரு வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்வார். சில சமயம் அந்த ஒன்றிலிருந்து தப்புவதற்காகவே மற்ற வேலைகளைக் கூடுதல் மும்முரத்தோடு செய்வார்.

உங்கள் கடிதத்திலேயே விடையின் பாதி இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களிலேயே அதன் சதைக்குள் நீலக் கறுப்பாகக் கோடுகள் ஓடத் தொடங்கிவிடும் என்பதை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியவர். அதற்குள் அரைத்துப் பாலைத் தொட்டியில் விடாவிட்டால் மாவின் வெண்மை கெடும், விலை விழும். அங்கே உங்கள் மனநிலையை யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்டுக்கொள்வதில்லை. கணக்கும் ஒருவகையில் கிழங்கைப் போலக் கெட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அடுத்த மாதம் 20ஆம் தேதியைத் தாண்டிய ஒவ்வொரு நாளும் தாமதக் கட்டணம் ஏறுகிறது. செலுத்தாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் சேர்கிறது. ஆனால் அழுகிய கிழங்கு நாறும், அழுகிய கணக்கு இழுப்பறைக்குள் நாறாமல் கிடக்கும்.

கணக்கைத் திறக்கலாம் என்ற எண்ணம் எழும்போதே உங்களுக்குள் ஏதோ ஒன்று சுருங்குகிறது. அபராதம் எவ்வளவு ஏறியிருக்குமோ, கொள்முதல் பில்களில் எத்தனை காணாமல் போயிருக்குமோ, ஆடிட்டர் என்ன சொல்வாரோ என்று பலவும் கலந்த ஒரு கசப்பு அது. அந்தக் கணத்தில் எழுந்து களத்துப் பக்கம் போய், ஜவ்வரிசி காய்ந்துவிட்டதா என்று ஒரு கை அள்ளிப் பார்த்தால் கசப்பு மறைந்துவிடுகிறது. வேலை அப்படியே கிடக்க, மனம் மட்டும் லேசாகிவிடுகிறது. அந்த உடனடி ஆறுதல்தான் இந்தப் பழக்கத்துக்குக் கிடைக்கும் கூலி. கூலி கிடைக்கும் காரியத்தை மனம் மறுநாளும் செய்யும். ஃபூஷா சிராய், டிமோதி பிச்சில் என்னும் உளவியலாளர்கள் 2013இல் எழுதிய கட்டுரையில் தள்ளிப்போடுதலை இப்படித்தான் விளக்கினார்கள்: நேரத்தைக் கையாளத் தெரியாத குறையைவிட, அந்த நேரத்து மனநிலையைச் சரிசெய்துகொள்ளும் அவசரமே இதில் பெரிது. ஆகவே புதிய நாட்குறிப்பு வாங்குவதால் உங்களுக்குப் பயன் இராது.

என்ன செய்யலாம்? நான்கு மாதங்களையும் ஒரே மூச்சில் முடிப்பது என்று தீர்மானித்து உட்காராதீர்கள். முந்தைய மாதத்தை முடிக்காமல் அடுத்த மாதத்தைத் தாக்கல் செய்ய அந்த இணையதளமே விடாது என்பதால், உங்கள் முன்னால் இருப்பது நான்கு வேலைகள் அல்ல, மிகப் பழைய மாதம் என்னும் ஒரே வேலைதான். அதிலும் முதல் நாளில் தாக்கல் செய்யவே வேண்டாம். அந்த ஒரு மாதத்தின் கொள்முதல் பில்களைத் தேடி எடுத்து, ஒரு கிளிப்பில் மாட்டி வைத்தால் போதும். இதை எப்போது, எங்கே, எதற்குப் பிறகு செய்வீர்கள் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, 'செய்ய வேண்டும்' என்ற பொதுவான உறுதியைக் காட்டிலும், 'இது நடந்தவுடன் இதைச் செய்வேன்' என்ற குறிப்பான முடிவு வலுவானது என்பதை விளக்குகிறது. 'வெள்ளிக்கிழமை காலை களத்தில் சரக்கைக் காயப்போட்டு முடித்ததும், கையைக் கழுவிவிட்டு, அலுவலக அறையில் விசிறியைப் போட்டு, ஏப்ரல் மாதக் கோப்பை எடுப்பேன்' என்று எழுதி அந்த இழுப்பறையின்மேல் ஒட்டிவையுங்கள். இசைவாணை விண்ணப்பத்தை, அந்த வேலையை அன்றாடம் செய்யும் ஆலோசகர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். எல்லா முள்ளையும் தாமேதான் பிடுங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கேள்வி: தங்கை மகளின் காதுகுத்துக்கு வங்கித் தணிக்கை காரணமாக என்னால் தூத்துக்குடிக்குப் போக முடியவில்லை. தாய்மாமன் சீராகச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்கி வைத்தேன். ஏழு மாதமாகியும் அனுப்பவில்லை. அரை மணி நேர வேலை. இதைவிடப் பெரிய வேலைகளை நாள்தோறும் முடிக்கிற எனக்கு இது மட்டும் ஏன் முடியவில்லை?
(வங்கி ஊழியர், சூரமங்கலம்)

பதில்: உங்களுக்கு நல்ல துணை இருக்கிறது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப் ஓராண்டு இந்தியாவில் தங்கியிருந்தபோது, அவரைக் காண வந்த நண்பர் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் துணிமணிகள் கொண்ட ஒரு பெட்டியை விட்டுச் சென்றார். அதை அமெரிக்காவுக்கு அனுப்பிவைக்க வேண்டும். நம் நாட்டு அலுவலக நடைமுறைகளையும் தம் சாமர்த்தியக் குறைவையும் கணக்கிட்டு, அதற்கு ஒரு முழு நாள் பிடிக்கும் என்று ஏகர்லாஃப் மதிப்பிட்டார். எட்டு மாதங்களுக்கும் மேலாக, ஒவ்வொரு காலையும் கண்விழிக்கும்போது, நாளைக் காலை கட்டாயம் அனுப்பிவிடுவது என்று அவர் முடிவு செய்துகொண்டே இருந்தார். பெட்டி அறையைவிட்டு நகரவில்லை. பின்னாளில் இந்தப் பெட்டியைத் தொடக்கமாக வைத்துத்தான், தள்ளிப்போடுதல் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை 1991இல் அவர் வெளியிட்டார். பெட்டிக்கு உரியவரும் பெட்டியை அனுப்பாதவரும் 2001இல் மைக்கேல் ஸ்பென்ஸ் என்பவரோடு சேர்ந்து பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அறிவுக் குறைவுக்கும் இந்தப் பழக்கத்துக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அவர் கண்டுசொன்ன காரணம் எளிமையானது. இன்று செய்தால் ஏற்படும் சிரமம் கண்முன்னே பெரிதாக நிற்கிறது. ஒரு நாள் தள்ளினால் ஏற்படும் நட்டமோ தனியே பார்த்தால் மிகச் சிறியது. ஆகவே அன்றைய தினத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்தால், தள்ளிப்போடுவதே நியாயமாகத் தோன்றுகிறது. அப்படிப்பட்ட நியாயமான நாட்கள் இருநூறு சேர்ந்து ஒரு மடத்தனமாகிவிடுகின்றன. பெரிய வேலைகளுக்கு மேலாளரோ கெடுத்தேதியோ இருப்பதால் அவை இந்தக் கண்ணியில் சிக்குவதில்லை. யாரும் கேட்காத அரை மணி நேர வேலைதான் வசமாக மாட்டிக்கொள்ளும்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. குழந்தையின் கால் ஒரு நாளில் எவ்வளவு வளர்ந்துவிடும்? கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஏழு மாதத்தில் கொலுசு இறுக்கமாகியிருக்கலாம். அந்த ஐயமும், 'இவ்வளவு நாள் கழித்து அனுப்பினால் தங்கை என்ன நினைப்பாள்' என்ற கூச்சமும் சேர்ந்து, அரை மணி நேர வேலையை மலையாக்கிவிட்டன. கொலுசு சிறிதாகிவிட்டால் கண்ணி சேர்த்து நீட்டித்தர அதே செவ்வாய்ப்பேட்டையில் பட்டறைகள் இருக்கின்றன. வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள். தங்கைக்கு இன்றிரவே பேசி, 'அம்மா, தப்பு என்னுடையதுதான், பாப்பாவின் கணுக்காலை நூலால் சுற்றி அளவு சொல்' என்று கேளுங்கள். அந்த ஒரு தொலைபேசிப் பேச்சுக்குப் பிறகு கூச்சம் தீர்ந்துவிடும். மிச்சம் இருப்பது உண்மையிலேயே அரை மணி நேர வேலைதான். ஏகர்லாஃபின் பெட்டி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேட்பீர்கள். வேறொரு நண்பர் அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்பியபோது அதனோடு சேர்த்துவிட்டார். உங்கள் கிளையிலிருந்து யாராவது தென்மாவட்டத்துக்கு விடுப்பில் போகிறார்களா என்றும் விசாரியுங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் புத்தகத்தை எடுக்கவே மாட்டேன் என்கிறான். நாள் முழுவதும் திட்டித் திட்டி எனக்கே அலுத்துவிட்டது. என்ன செய்வது?
(இல்லத்தரசி, கொண்டலாம்பட்டி)

பதில்: திட்டுவதை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். கணக்குப் புத்தகத்தைப் பார்த்தாலே உங்கள் குரல் அவன் காதில் ஒலிக்கிறது என்றால், அவன் ஓடுவது கணக்கிலிருந்து அல்ல. மாலையில் நீங்கள் பூக்கட்டுவதையோ கீரை ஆய்வதையோ அவன் மேசைக்கு அருகில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் இருபது நிமிடம் உட்கார்ந்திருங்கள். எந்தப் பாடத்தில் எந்தப் பக்கத்தில் புரியாமல் நின்றுபோனான் என்பது அப்போதுதான் வெளியே வரும். பெரும்பாலும் அது எட்டாம் வகுப்பிலேயே விட்டுப்போன ஏதாவது ஒன்றாக இருக்கும்.

கேள்வி: குரூப் 4 தேர்வுக்குப் படித்துவருகிறேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான்கு வண்ணப் பேனாக்களால் அட்டவணை போடுவேன். திங்கட்கிழமை மதியத்துக்குள் அது குலைந்துவிடும். அதன்பிறகு என்மீதே வெறுப்பு ஏற்பட்டு அடுத்த ஞாயிறுவரை புத்தகத்தைத் தொடுவதில்லை. கைபேசியும் ஒரு காரணம்.
(பட்டதாரி, வயது 24, அஸ்தம்பட்டி)

பதில்: அந்த வண்ண அட்டவணையே நீங்கள் தள்ளிப்போடும் வழிகளில் மிக அழகானது என்று சொன்னால் வருந்தாதீர்கள். ஞாயிறு மாலை பேனாவை மூடும்போது, ஒரு வாரப் பாடத்தைப் படித்து முடித்துவிட்ட நிறைவு மனத்துக்குக் கிடைத்துவிடுகிறது. மேலும் அந்த அட்டவணையில் மின்வெட்டு இல்லை, தலைவலி இல்லை, திடீரென்று வந்து நிற்கும் சித்தப்பா இல்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கும் ஒரு வாரத்துக்காகப் போடப்பட்டது அது. அத்தகைய வாரம் யாருக்கும் வாய்ப்பதில்லை. 1994இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். அவர்கள் சொன்ன சராசரி 33.9 நாட்கள். உண்மையில் பிடித்தது 55.5 நாட்கள். சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உளவியல் படித்தவர்கள் கதியே இதுவென்றால் நீங்களும் நானும் எம்மாத்திரம்?

ஆகவே அட்டவணையைச் சுருக்கிவிடுங்கள். நாளொன்றுக்கு ஒரே ஒரு வரி போதும்: 'காலை தேநீர் குடித்ததும் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ஓர் இயல்.' அதற்குமேல் படித்தது எல்லாம் ஆதாயம். கைபேசியைப் பற்றி உபதேசம் செய்யப்போவதில்லை. அது உங்கள் மேசையில் இருந்தால் உங்கள் மனவுறுதி தோற்கும், அடுத்த அறையில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தால் தோற்பதற்குக் கொஞ்சம் சோம்பல் ஏற்படும். இந்த இடத்தில் சோம்பலும் நமக்கு உதவுகிறது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 'என்மீதே வெறுப்பு' என்ற சொற்கள். திங்கள் மதியம் அட்டவணை குலைந்ததால் நீங்கள் இழந்தது அரை நாள். வெறுப்பால் இழந்தது ஆறு நாள். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தம்மைத் தாமே மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டது தெரியவந்தது. தம்மைக் கடிந்துகொண்டால்தான் திருந்துவோம் என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். ஆனால் புத்தகம் உங்கள் குற்றத்தை நினைவூட்டும் பொருளாகிவிட்டால், அதன் பக்கம் போகவே கால் வராது. திங்கள் மதியம் குலைந்தால் திங்கள் மாலை மறுபடியும் தொடங்குங்கள்; ஞாயிறு வரை காத்திருக்க அது ஒன்றும் சந்தை நாள் அல்ல.

ஒரு செய்தியைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். படிப்பு மட்டுமல்லாமல், முன்பு ஆசையாகச் செய்தவற்றிலும் நாட்டம் போய், தூக்கமும் பசியும் மாறி, அந்த நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதைத் தள்ளிப்போடும் பழக்கம் என்று எண்ணிக்கொண்டு இருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். நடுவணரசின் டெலி மானஸ் என்னும் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: ஐந்து ரோடு அருகே கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். கெடு நெருங்கினால்தான் எனக்குக் கற்பனை ஓடும். இது தவறா?
(வடிவமைப்பாளர், சேலம்)

பதில்: நெருக்கடியில் ஓடுவது கற்பனையா, கால்களா என்பது என் ஐயம். டயான் டைஸ், ராய் பாமைஸ்டர் என்னும் உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை ஒரு பருவம் முழுவதும் கவனித்து 1997இல் எழுதியது இது: தள்ளிப்போடுபவர்கள் பருவத்தின் தொடக்கத்தில் மற்றவர்களைவிட நிம்மதியாகவும் நலமாகவும் இருந்தார்கள், இறுதியில் அவர்களுக்கு மன அழுத்தமும் நோயும் மிகுந்து, தொடக்கத்தில் பெற்ற நன்மையையும் விழுங்கிவிட்டன, மதிப்பெண்ணும் குறைந்தது. கடைசி இரவில் செய்த ஒன்று நன்றாக அமைந்தால் அதை நினைவில் வைத்துக்கொள்கிறோம். மணமகனின் தாத்தா பெயரில் ஒற்றெழுத்தை விட்டு ஐந்நூறு பத்திரிகை அச்சானதை மறந்துவிடுகிறோம். கற்பனைக்கும் ஒழுங்குக்கும் பகை என்று நினைக்க வேண்டாம். ஏற்காடு சாலையில் இன்று நுழைவு வளைவு மட்டும் நின்றுகொண்டிருக்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த நிறுவனம். அதன் அதிபர் டி.ஆர். சுந்தரத்தின் நேரக் கண்டிப்பைப் பற்றிப் பேசாத சேலத்துப் பெரியவர்கள் குறைவு.

கேள்வி: ஏற்காட்டில் இரண்டரை ஏக்கர் காப்பித் தோட்டம் எங்களுடையது. என் மார்பில் சிறு கட்டி ஒன்று தட்டுப்பட்டு ஐந்து மாதமாகிறது. வலி இல்லை. பழம் பறிப்பு முடியட்டும் என்று இருந்தேன்; பிறகு மிளகு வந்துவிட்டது; இப்போது வைகாசியில் சேர்வராயன் கோவில் விழா முடியட்டும் என்றிருக்கிறேன். தோட்டத்து வேலை ஒன்றையும் தள்ளிப்போடாதவள் நான்.
(வாசகி, வயது 46)

பதில்: சகோதரி, உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே, இதழ் அச்சாகும்வரை காத்திராமல் உங்களுக்குத் தனியே எழுதிவிட்டேன். இதே நிலையில் இருந்துகொண்டு கடிதமே எழுதாத மற்ற பெண்களுக்காக அதை இங்கேயும் எழுதுகிறேன்.

மேலே மற்றவர்களுக்குச் சொன்ன சிறுகச் சிறுகத் தொடங்கும் உத்திகள் எதுவும் உங்களுக்கு இல்லை. இந்த வாரமே போக வேண்டும். மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எது எந்த வகை என்பதைக் கையால் தொட்டுப் பார்த்துத் தீர்மானிக்க உங்களாலோ என்னாலோ முடியாது. வலி இல்லாததால் ஆபத்து இல்லை என்று எண்ணுவதும் தவறு. மருத்துவர் பரிசோதித்து, ஸ்கேன் அல்லது மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுத்து, தேவையானால் ஊசியால் சிறிதளவு திசுவை எடுத்துப் பார்ப்பார். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே நீங்கள் வரலாம். ஏதேனும் இருந்து, தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். ஐந்து மாதம் ஆறாவது மாதமாவதில்தான் ஆபத்து இருக்கிறது.

பழத்தைப் பறித்த அன்றே தோலுரிக்கும் பல்பர் எந்திரத்தில் போடாவிட்டால் புளித்துப்போகும் என்று தெரிந்தவர் நீங்கள். அப்படித் தெரிந்தும் இதைத் தள்ளியதற்குக் காரணம் அலட்சியம் அல்ல என்பதும் எனக்குப் புரிகிறது. போய்ப் பார்க்காதவரை அது வெறும் கட்டி. பார்த்துவிட்டால் அதற்கு ஒரு பெயர் வந்துவிடுமே என்ற பயம். அந்தப் பயத்தைப் போக்கிக்கொண்டு புறப்படுவது என்று காத்திருந்தால் புறப்பட மாட்டீர்கள். பயத்தையும் கூட்டிக்கொண்டே பேருந்தில் ஏறுங்கள். உங்கள் நாத்தனாரையோ பக்கத்துத் தோட்டத்து அம்மாவையோ உடன் அழைத்துக்கொள்ளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் யாரிடமாவது பேசிக்கொண்டே இறங்கிவிடலாம்.

கேள்வி: 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்கிறார்கள். 'ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டாமா' என்றும் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?
(தமிழாசிரியர், ஓய்வு, ஓமலூர்)

பதில்: இரண்டையும்தான். 'தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க தூங்காது செய்யும் வினை' என்று 672ஆம் குறளில் இரண்டு அடிக்குள் இரண்டுக்கும் இடம் கொடுத்தவரை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தூங்குதல் என்றால் அங்கே காலம் தாழ்த்துதல். சேர்வராயன் மலையில் மிளகுக்கொடிக்காரர் கதிரில் ஓரிரு மணிகள் சிவக்கும்வரை காத்திருக்கிறார். அது தள்ளிப்போடுதல் ஆகாது, ஏனென்றால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும்; அந்தச் சிவப்பைக் கண்டதும் ஏணியை எடுப்பார். தள்ளிப்போடுபவரிடம் 'எது நடந்தால் தொடங்குவீர்கள்' என்று கேட்டுப் பாருங்கள். 'மனசு சரியாகட்டும்', 'கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும்' என்று, கண்ணால் பார்க்க முடியாத ஏதாவது ஒன்றைத்தான் சொல்வார்.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, நீங்கள் எதையும் தள்ளிப்போட்டதே இல்லையா?
(வாசகர், அம்மாப்பேட்டை)

பதில்: கன்னங்குறிச்சியில் என் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நர்சரியிலிருந்து மல்கோவா ஒட்டுக்கன்று ஒன்றை, கறுப்புப் பாலித்தீன் பையோடு கொண்டுவந்தேன். வாயிற்பக்கம் நடலாம் என்பது என் எண்ணம். கிணற்றடிதான் சரி என்றார் என் மனைவி. இரண்டும் வேண்டாம், தெற்கு மூலையில் வையுங்கள் என்றார் என் அண்ணன். குழி வெட்டினால் யாராவது ஒருவர் மனம் கோணும். ஆகவே தற்காலிகமாகச் சுற்றுச்சுவர் ஓரத்தில் சாய்த்துவைத்துவிட்டு, நாள்தோறும் தண்ணீர் மட்டும் ஊற்றிவந்தேன். தண்ணீர் ஊற்றியதில் கன்றைக் கவனித்துக்கொள்வதாக ஒரு திருப்தியும் இருந்தது. உளவியல் கற்பித்த எனக்கு, நான் தள்ளிப்போட்டது மண்வெட்டி வேலையை அல்ல, வீட்டுக்குள் நடக்கவிருந்த ஒரு வாக்குவாதத்தை என்பது அப்போது தோன்றவே இல்லை.

இரண்டு பருவமழை போயின. ஒருநாள் பையைத் தூக்கப் போனபோது அது அசையவில்லை. கீழே குனிந்து பார்த்தால், ஆணிவேர் பையின் அடியைத் துளைத்துக்கொண்டு தரைக்குள் இறங்கிவிட்டிருந்தது. பாலித்தீன் கிழிந்து வேரைச் சுற்றிக் கந்தலாகத் தொங்கியது. நான் எடுக்காத முடிவைக் கன்றே எடுத்துவிட்டது. அதுவும் எங்கள் மூவரில் ஒருவர்கூடச் சொல்லாத இடத்தில். இந்த ஆண்டு முதன்முறையாக நன்றாகப் பூத்திருக்கிறது. அடிமரம் பருத்துச் சுவரைத் தள்ளுவதால் நான்கு வரிசைச் செங்கல் விரிந்துநிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் இருமுறை நாசூக்காகக் குறிப்பிட்டுவிட்டார். மழைக்கு முன் பிரித்துக் கட்டியாக வேண்டும். வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு வருமாறு கொத்தனாரிடம் சொல்லி, முன்பணமும் கொடுத்துவிட்டேன்.